ஆறாம் சேனலில் யாரோ

கதவைச் சாத்துவதற்கு முன்னால் ஆதிரை ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "எதையும் தொடாதம்மா. ஒரு மணி நேரம். ப்ளீஸ்." அதற்குத் தலையாட்டிவிட்டு வந்து ஹாலில் ஃபேனுக்கு நேர் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள் தமயந்தி. சோபாவில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் சோபாவின் ஸ்பிரிங் சத்தம் போடும், உள்ளே கேட்கும், உள்ளே கேட்டால் மைக்கில் கேட்கும், மைக்கில் கேட்டால் அந்தமானில் கேட்கும், அங்கே நேர்காணலுக்கு உட்கார்ந்திருக்கிறவர்கள் இந்தப் பெண் வீட்டில் என்ன கட்டில் உடைகிறதா என்று நினைப்பார்கள். ஃபேனையும் நிறுத்திவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். மே மாதத்து மத்தியானம், மடிப்பாக்கத்தில், மேல்மாடிக்கு ஒரு மாடி கீழே, ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் நேர்காணல் முடியும்போது அம்மா இருக்கமாட்டாள். ஓடட்டும். எதையும் தொடாதே என்றாளே, எதையும் என்றால் எதை. கிரைண்டரையா, குழாயையா, பால்கனிக் கதவையா. அட, எதைச் சொன்னாள் என்று இரண்டு பேருக்குமே தெரியும், பிறகு என்ன ஆராய்ச்சி. டிவி ஸ்டாண்டுக்கு மேலே வெள்ளையாக உட்கார்ந்திருக்கிற வைஃபை பெட்டியைச் சொன்னாள். அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பச்சை என்றால் நல்லது. பச்சை என்றால் ஒன்றுமே இல்லை, போன தடவையும் பச்சை எரிந்துகொண்டிருக்கும்போதுதான் எல்லாம் போனது. அந்தப் பெட்டியைக் கையால் தொட வேண்டிய அவசியமே தமயந்திக்குக் கிடையாது, அதன் குடுமி அவளுடைய போனில் இருந்தது. போன் மடியில் இருந்தது. கவிழ்த்துத்தான் வைத்திருந்தாள். கவிழ்த்து வைத்ததிலிருந்து அதைப் பார்க்க வேண்டும்போல உள்ளங்கை அரித்தது. பார்ப்பது தொடுவதில் சேராது என்று தனக்குத்தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு அதைத் திருப்பினாள்.

திரையில், சிக்னலை அளந்து காட்டுகிற ஆப்பில், அந்தக் கட்டிடத்துக் காற்று மேடு மேடாகத் தெரிந்தது. ஒவ்வொரு வீட்டு வைஃபைக்கும் ஒரு மேடு, அதன் தலையில் அந்த வீட்டுக்காரர்கள் வைத்த பெயர். பேருக்குத்தான் நிறைய சேனல், ஒன்றையொன்று இடிக்காமல் ஓடக்கூடியது மூன்றுதான், ஒன்று, ஆறு, பதினொன்று. ஆதிரையின் மடிக்கணினி பழசு, இந்த மூன்றைத் தவிர வேறு பாதை அதற்குத் தெரியாது. மூன்று பாதை, பன்னிரண்டு வீடு. இதைத்தான் தமயந்தி கல்லூரி வேலை, சமையல், விவாகரத்து எல்லாவற்றுக்கும் நடுவில் வருஷக்கணக்காகப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியிருந்தாள். கம்பியில்லாத் தொடர்பில் வளப் பங்கீட்டுக்கு ஆட்டக் கோட்பாடு. யாராவது கேட்டால், வளம்னா காத்துங்க, ஆட்டம்னா பங்கு போடும்போது நடக்கிற சண்டை என்பாள். முதல் வகுப்பில் பிள்ளைகளுக்கு வேறு மாதிரி சொல்வாள். கல்யாண மண்டபத்தில் மேளம் நடக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரரோடு பேச வேண்டுமானால் என்ன செய்வீர்கள், கத்துவீர்கள், நீங்கள் கத்துவதால் முன் வரிசைக்காரர் இன்னும் கத்துவார், கடைசியில் மண்டபமே கத்தும், யாருக்கும் ஒன்றும் கேட்காது, ஆனாலும் ஒருத்தரும் குரலைத் தாழ்த்தமாட்டார், ஏனென்றால் தனியாகத் தாழ்த்துகிறவர்தான் ஏமாளி. தனியாக நகர்ந்தால் எவருக்கும் லாபமில்லை என்கிற அந்த இடத்துக்குச் சமநிலை என்று பெயர். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். ஒரு பெண் மட்டும் ஒரு தரம் எழுந்து நின்று, "மேடம், எல்லாரும் தனக்கு என்ன வேணும்ங்கறத உண்மையாச் சொல்வாங்கன்னு எப்படி நம்பறது?" என்று கேட்டுவிட்டது. நல்ல கேள்வி என்று சொல்லி உட்காரவைத்தாள். நல்ல கேள்வி என்று வாத்தியார் சொன்னால் பதில் இல்லை என்று அர்த்தம், அது அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்கும். ஆய்வேட்டில் அதற்கு ஒரு வரி இருந்தது, ஒவ்வொரு ஆட்டக்காரரும் தன் தேவையை மறைக்காமல் தெரிவிப்பதாகக் கொள்வோம் என்று. கொள்வோம், கொள்வோம் என்றே அத்தனை வருஷமும் ஓடிவிட்டது.

உள்ளே ஆதிரை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். காதில் மாட்டிக்கொண்டு பேசுவதால் அவர்கள் குரல் வெளியே வராது, இவளுடையது மட்டும் கதவுக்குக் கீழே இருக்கிற இடுக்கு வழியாக வந்தது. இங்கிலீஷில்தான். பவளப்பாறை, வெளுத்துப்போவது, நீரின் சூடு என்று நடுநடுவே பிடிபட்டது. போன டிசம்பரில் இதே அறையில் இதே நாற்காலியில் உட்கார்ந்து கொச்சியில் ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தோடு பேசும்போது பாதியில் படம் நின்றுவிட்டது. வாய் பாதி திறந்தபடி அவள் முகம் அவர்கள் திரையில் உறைந்திருக்க வேண்டும். மறுபடி இணைந்து, மறுபடி உறைந்து, பிறகு அவர்கள் நன்றி சொல்லி முடித்துக்கொண்டார்கள். வெளியே வந்தவளிடம் தமயந்தி கேட்ட முதல் கேள்வி, "எத்தனாவது நிமிஷத்துல நின்னுது?" "நான் என்ன பேசினேன்னு கேக்கல நீ" என்றாள் ஆதிரை. அது புகார் என்பதே தமயந்திக்குச் சாவகாசமாகத்தான் உறைத்தது. உறைத்த பிறகு என்ன செய்தாள், மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு என்னடி பேசினே என்று கேட்டாளா. இல்லை. தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். வீடு வீடாகப் போய் எல்லாரையும் மொட்டைமாடிக்குக் கூப்பிட்டாள். கீழ்வீட்டுப் பொன்னுரங்கம், துறைமுகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், "தண்ணி மோட்டாருக்கு முறை வச்சோம், சரி. காத்துக்கும் முறையா மேடம்?" என்றார். காற்றுக்கும்தான் என்றாள். மேல்வீட்டு ஜோயல், கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பையன், "நான் ஃபுல் பவர்ல வச்சிருக்கேன் மேடம், எனக்கு நல்லாத்தானே வருது" என்றான். "உங்களுக்கு நல்லா வருது ஜோயல். அதனாலதான் கீழ வரல" என்றாள். சிரித்துவிட்டார்கள். சிரித்தால் பாதி ஒப்புக்கொண்டது மாதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் படியேறி இறங்கி ஒவ்வொரு பெட்டியிலும் அவளே சேனல் மாற்றிக் கொடுத்தாள், பொன்னுரங்கத்துக்கு ஒன்று, ஜோயலுக்குப் பதினொன்று, தனக்கு ஆறு, தன் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆறு வராமல் பார்த்துக்கொண்டாள், அந்தச் சின்னக் கள்ளத்தனத்தை யாரும் கவனிக்கவில்லை. அன்றைக்குக் கால் வலியோடு படுத்தபோது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போதுகூடக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

இப்போது ஆறாம் சேனலில், தூரத்து வீடுகளின் குட்டை மேடுகளைத் தவிர, உயரமாக இரண்டு மேடு இருந்தது. ஒன்று அவளுடையது. இன்னொன்று யாருடையது. காலையில் இல்லை. சாப்பிட்டு முடித்துப் பார்த்தபோதும் இல்லை. தலையில் பெயரும் இல்லை, பெயரை மறைத்துவைத்த சிக்னல், யாரோ வேண்டுமென்றே மறைத்திருக்கிறார்கள், நல்லவனுக்குப் பெயரை மறைக்க என்ன வேலை. தாழ்வாகவும் இல்லை, அவளுடைய மேட்டுக்குத் தோளோடு தோள் உயரம் நின்றது. ஜோயல்தான். வேறு யாருக்கு இது தெரியும், பொன்னுரங்கத்துக்கு டிவியில் சத்தம் கூட்டவே பேரன் வர வேண்டும். ஜோயல் பதினொன்றில் நெரிசல் என்று ஆறுக்குக் குதித்திருக்கிறான், குதித்துவிட்டுப் பெயரை மறைத்துக்கொண்டான், மொட்டைமாடியில் சிரித்தானே அந்தச் சிரிப்பே சரியில்லை. மெல்ல எழுந்து அவனுடைய அறை மேலே எந்த இடத்தில் வருமோ அந்த இடத்துக்குக் கீழே போய் நின்று உத்தரத்தைப் பார்த்தாள். உத்தரத்தில் ஒன்றும் இல்லை, ஒட்டடைதான் இருந்தது. நாளைக்கு அடிக்க வேண்டும். மேலே போய்க் கதவைத் தட்டிச் சண்டை போடலாம், ஆனால் அதற்குள் இங்கே ஏதாவது ஆகிவிட்டால். உள்ளே குரல் நின்றது. நின்றேவிட்டது. யோசிக்கிறாளா, உறைந்துவிட்டாளா. தமயந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நாற்காலி அசையவில்லை, தும்மவில்லை, தொண்டையைச் செருமவில்லை, ஒரு மனுஷி உயிரோடு யோசித்தால் ஏதாவது ஒரு சத்தம் வராதா. பிறகு ஆதிரையின் குரல், நிதானமாக, அது நல்ல கேள்வி என்று ஆரம்பித்தது. தமயந்தி மூச்சை விட்டாள். நெற்றியில் இருந்த வியர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி ஃபேனுக்குக் கீழே வந்து உட்கார்ந்தாள். செய்யக்கூடியது என்ன. தன் சேனலைப் பதினொன்றுக்கு மாற்றலாம், ஆனால் மாற்றினால் பெட்டி ஒரு தடவை அணைந்து எரியும், அந்தக் கொஞ்ச நேரத்தில் உள்ளே எல்லாம் அறுந்துவிடும். பவரைக் கூட்டலாம், கூட்டினாலும் அணைந்து எரியும். எதைச் செய்தாலும் அணைந்து எரியும். ஒன்றும் செய்யாமல் இருப்பது ஒன்றுதான் செய்யக்கூடியது. தனியாக நகர்ந்தால் நஷ்டம் என்று எத்தனை பக்கம் எழுதியிருப்பாள், அதற்குள் ஆள் உட்கார்ந்திருப்பது இவ்வளவு புழுக்கமாக இருக்கும் என்று ஒரு பக்கத்திலும் எழுதவில்லை.

அறுந்துவிட்டால் அவள் போகமாட்டாள். இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசனை மாதிரி வந்துவிட்டது, வந்த பிறகு ஜன்னலைச் சாத்தி என்ன பிரயோஜனம். சீ, என்று அதைத் தள்ளினாள். தள்ளிவிட்டு ஆதிரை சின்ன வயதில் எவ்வளவு சாப்பிடுவாள் என்பதை வலிய நினைத்துப் பார்த்தாள். அது திரும்பி வந்தது. அறுந்துவிட்டால் தீவில் இரண்டு வருஷ வேலை இல்லை. அந்தத் தீவில் டவரே கிடையாதாம், பேச வேண்டும் என்றால் படகில் இன்னொரு தீவுக்குப் போய்ப் பேச வேண்டுமாம், கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லையாம். இதைச் சொல்லும்போது ஆதிரை சிரித்தாள். சிரிக்கிற விஷயமா இது. ஊரில் எல்லாரும் பிள்ளைகளை சிக்னல் கிடைக்கிற ஊருக்கு அனுப்புகிறார்கள், கம்பியில்லாத் தொடர்பில் டாக்டர் பட்டம் வாங்கினவளின் பெண் சிக்னலே இல்லாத இடத்தைத் தேடிப் போகிறாள், கேட்டால் பாறை வெளுக்கிறது என்கிறாள். பாறை வெளுத்தால் வெளுக்கட்டும். பெருமழை வந்த வருஷம் ஆதிரை பள்ளிக்கூடத்துத் தோழி வீட்டுக்கு முடிச்சூர் போனவள் அங்கேயே மாட்டிக்கொண்டாள். டவர் எல்லாம் படுத்துவிட்டது. இதே மொட்டைமாடியில் தமயந்தி நனைந்தபடி போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஒரு கோடு வராதா, அரைக் கோடு வராதா என்று. கீழே தெருவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மிதந்து போனது. அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே நின்றதுதான் ஞாபகம் இருக்கிறது, வேறு எதுவும் ஞாபகமில்லை. மறுநாள் சாயங்காலம் படகில் வந்து இறங்கிய ஆதிரை, "சூப்பரா இருந்துதும்மா, அவங்க வீட்டு மாடிலேர்ந்து மீன் பாத்தோம்" என்றாள். பளாரென்று ஓர் அறை விட்டுவிட்டு, பிறகு கட்டிக்கொண்டு அழுதது தமயந்திதான். அந்த மீன்தான் இவளைக் கெடுத்தது. இவளுக்கு அன்றைக்கே தண்ணீர் பிடித்துவிட்டது, எனக்கு அன்றைக்கே பிடிக்காமல் போய்விட்டது.

கணவர் ரகுபதி பிரிந்து போனபோது வீடு காலியானதே தெரியவில்லை, ஆதிரை ஒருத்தியே நான்கு ஆள் சத்தம் போடுவாள். அவர் பெங்களூரில் வேறு குடும்பமாக இருக்கிறார், பிறந்தநாளுக்குப் போன் பண்ணுவார், இரண்டு பேரும் நாகரிகமாகப் பேசிக்கொள்வார்கள். அதெல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் இவள் போனால். ஓர் ஆளுக்கு யாரும் கிரைண்டரில் மாவு அரைப்பதில்லை, பாக்கெட் மாவுதான். பாக்கெட் மாவு வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்து, பாதி பயன்படுத்தி, மீதி புளித்துப்போய், அதைக் கொட்டும்போது யாரிடமும் சொல்ல முடியாமல். என்ன, மாவுக்காகவா பெண்ணைப் பிடித்து வைக்கப் போகிறாய் என்று கேட்டுக்கொண்டாள். மாவுக்காக இல்லை. தண்ணீருக்கு அடியில் போவாள், முதுகில் காற்று உருளையை மாட்டிக்கொண்டு, மேலே படகில் யாரோ தெரியாதவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், நான் இங்கே வகுப்பில் சமநிலை என்று எழுதிக்கொண்டிருப்பேன், ஏதாவது ஒன்று ஆனால் எனக்குச் சொல்வதற்கே ஒரு படகு போக வேண்டும். ஒரு மாதத்துக்கு முன்னால் ஆதிரை விண்ணப்பத்தைக் காட்டினபோது தமயந்தி "உன் இஷ்டம்" என்றாள். உன் இஷ்டம் என்று ஓர் அம்மா சொன்னால் அது சம்மதமில்லை என்பது பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். ஆதிரைக்கும் தெரிந்தது. அவள் மேற்கொண்டு கேட்கவில்லை, இவளும் மேற்கொண்டு சொல்லவில்லை, ஒரே வீட்டில் ஒருத்தரையொருத்தர் இடித்துக்கொள்ளாமல் சுற்றி வந்தார்கள்.

எப்போது அந்தப் பக்கத்தைத் திறந்தாள் என்று கேட்டால் சத்தியமாகச் சொல்லத் தெரியாது. போனில் பெட்டியின் அமைப்புப் பக்கம் விரிந்திருந்தது, சேனல் என்ற இடத்தில் ஆறு என்று இருந்தது. சும்மா பார்க்கலாம் என்று பதினொன்றைத் தேர்ந்தாள். தேர்ந்தால் ஒன்றும் ஆகாது, கீழே இருக்கிற நீலப் பொத்தானை அமுக்கினால்தான் ஆகும். விரல் அதற்கு மேலே நின்றது. ஜோயல் இடிக்கிறான், இன்னும் கொஞ்ச நேரத்தில் எப்படியும் அறுந்துவிடப் போகிறது, நாமே இப்போது மாற்றிவிட்டால் ஒரு நிமிஷத்தில் திரும்ப வந்துவிடும், மீதி நேரம் நன்றாக ஓடும், அவர்கள் காத்திருப்பார்கள், ஒரு நிமிஷம் காத்திருக்கமாட்டார்களா. காத்திருக்கமாட்டார்கள், கொச்சிக்காரர்கள் காத்திருக்கவில்லை. அப்படியென்றால் அமுக்கக்கூடாது. ஆனால் ஜோயல். யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒன்று உள்ளே சொன்னது. எது யாருக்குத் தெரியப்போவதில்லை, நான் உதவி செய்யத்தானே பார்க்கிறேன். உதவிதான். கையை எடு என்று தனக்குச் சொன்னாள். கை எடுபடவில்லை. இவ்வளவு பெரிய மனுஷி, பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்கிறவள், ஒரு நீலப் பொத்தானுக்கு முன்னால் குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தாள். அப்போது உள்ளே ஆதிரை சிரித்தாள். மரியாதைச் சிரிப்பில்லை, நேர்காணல் சிரிப்பில்லை, வயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு, இந்த வீட்டில் அதைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. அந்தப் பக்கம் இருக்கிறவர்களும் சிரித்திருக்க வேண்டும். அவர்களுக்கு இவளைப் பிடித்துவிட்டது. இவளுக்கும் அவர்களைப் பிடித்துவிட்டது. தமயந்தி அமுக்கினாள்.

பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. திரையில் அவளுடைய மேடு சரிந்து தரையோடு போனது. அவ்வளவுதான், இனி குரல் நிற்கும், ஹலோ ஹலோ என்பாள், நாற்காலி பின்னால் இழுபடும், கதவு திறக்கும். அந்தச் சில விநாடியில் தமயந்தி முகத்தைத் தயார் செய்துகொண்டாள் என்பதுதான் கேவலம். முகத்தை மட்டுமா, வார்த்தையையும். மேல்வீட்டு ஜோயல்தான்டி, ஆறுல வந்து உக்காந்துட்டான், நான் அப்பவே பாத்தேன். நன்றாக வந்திருந்தது அந்த வாக்கியம், எவரும் நம்புவார்கள். ஆனால் குரல் நிற்கவில்லை. ஆதிரை பேசிக்கொண்டே இருந்தாள். விட்ட இடத்திலிருந்து இல்லை, எதையும் விடவே இல்லை, ஒரே இழையாக ஓடிக்கொண்டிருந்தாள். தமயந்திக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா, இது எப்படி சாத்தியம் என்பதுதான். படித்த படிப்பு அப்படி. பெட்டி செத்துக் கிடக்கிறது, பெண் எதன் வழியாகப் பேசுகிறாள். திரையைப் பார்த்தாள். ஆறாம் சேனலில் அந்தப் பெயரில்லாத மேடு இப்போது உயரத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தது. எழுந்து போனைக் கையில் பிடித்தபடி உத்தரத்துக்குக் கீழே, ஜோயல் அறைக்கு நேராகப் போனாள். மேடு தாழ்ந்தது. பால்கனிப் பக்கம் போனாள், இன்னும் தாழ்ந்தது. திரும்பி, செருப்பில்லாத காலை ஓசையில்லாமல் எடுத்து வைத்து ஆதிரையின் கதவை நோக்கி நடந்தாள். ஒவ்வோர் அடிக்கும் அது வளர்ந்தது. கதவுக்கு முன்னால் வந்து நின்றபோது திரையின் உச்சியைத் தொட்டது.

அங்கேயே, கதவை ஒட்டியே, தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆதிரை தன் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் என்று தனியாக ஒரு வழி போட்டுக்கொண்டு பேசுகிறாள். அம்மா பெயர்களைப் படிப்பாள் என்று தெரிந்து அதன் பெயரையும் மறைத்திருக்கிறாள். முதலில் கோபம்தான் வந்தது, நன்றாகவே வந்தது, உனக்காக வீடு வீடாகப் படியேறினேனே, ஜோயல் பையனை மனசுக்குள் என்னென்ன திட்டினேன். அந்தக் கோபம் நெஞ்சுவரை வந்து அங்கேயே நின்றுவிட்டது, ஏனென்றால் அதற்கு அடுத்த நினைப்பு, இவள் மட்டும் என்னை நம்பியிருந்தால் இந்நேரம் எல்லாம் அறுந்திருக்கும். நல்ல வேளை என்று உதட்டை அசைத்தே சொன்னாள், சத்தமில்லாமல். நல்ல வேளை, நம்பவில்லை. பன்னிரண்டு வீட்டையும் கணக்கில் எடுத்தவள் இந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தவளைக் கணக்கில் எடுக்கவில்லை, ஆனால் அவள் இந்த வீட்டில் எதெல்லாம் தவறிப்போகும் என்று கணக்குப் போட்டபோது அம்மாவையும் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது, வந்தது போகவில்லை. முட்டியைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே நீண்ட அமைதி, அவர்கள் ஏதோ பெரிய கேள்வியாகக் கேட்கிறார்கள். பிறகு ஆதிரை இங்கிலீஷில் சொன்னது தமயந்தியின் காதில் தமிழாகவே விழுந்தது. அப்பா எங்களோடு இல்லை சார், பிரிந்து இருக்கிறார். வீட்டில் நானும் அம்மாவும்தான். மாதக்கணக்கில் பேச முடியாது என்று அம்மாவுக்குத் தெரியும். பேசிவிட்டோம். அம்மா சரி என்று சொல்லிவிட்டார்கள். முழு மனசோடு சொன்னார்கள். தமயந்தி நெற்றியைக் கதவில் சாய்த்தாள். மரம் சூடாக இருந்தது.

கதவு திறந்தபோது அவள் எழுந்து ஹாலுக்கு வந்திருந்தாள், சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பெட்டி அணைந்து எரிந்து எப்போதோ பச்சைக்குத் திரும்பியிருந்தது. ஒன்றுமே நடக்காதது மாதிரி அது அங்கே உட்கார்ந்திருந்தது.

"நல்லாப் போச்சும்மா" என்றாள் ஆதிரை. முகமெல்லாம் வியர்வை. "எனக்கே நல்லாப் போச்சுன்னு தோணுது."

"போன்லேர்ந்து பேசினியா?"

ஆதிரை சட்டென்று நின்றாள். "பாத்துட்டியா" என்றாள். பிறகு, "தப்பா எடுத்துக்காதம்மா. நீ நடுவுல எதையாவது சரி பண்ணப் பாப்பேன்னு நெனச்சேன். நீ நல்லதுக்குத்தான் பண்ணுவ. ஆனா பாதில கட்டாயிடும்ல."

நல்லதுக்குத்தான். வெளியே போக எவ்வளவு அகலமான வாசலைப் பெண் திறந்துவிட்டாள், தலையைக் குனியக்கூட வேண்டாம். தமயந்தி அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"அமுக்கினேன்டி" என்றாள். "நடுவுல."

"அதான் சொன்னேனே, நீ சரி பண்ண..."

"சரி பண்ண இல்ல. நீ சிரிச்ச. அதக் கேட்டதும் அமுக்கிட்டேன். கட்டாகட்டும்னுதான் அமுக்கினேன்."

ஆதிரை துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். தமயந்தி ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தாள், திட்டிவிட்டால் தேவலை என்று இருந்தது. ஆதிரை வந்து எதிரே தரையில் உட்கார்ந்தாள், பக்கத்தில் இல்லை, எதிரே.

"நானும் உள்ள ஒண்ணு சொன்னேன்" என்றாள்.

"கேட்டுது."

"நீ எப்ப சரின்னு சொன்ன?"

"சொல்லல."

"சொல்லல" என்றாள் ஆதிரையும். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னை எடுத்துக்கற மாதிரிதாம்மா பேசினாங்க. அடுத்த வாரம் போன் பண்ணி வீட்டுல சம்மதம்தானான்னு உன்னையே கேப்பாங்களாம். அப்ப நான் உனக்காகப் பொய் சொல்ல முடியாது. இப்ப சொல்லிடு. சரின்னாலும் சரி, வேணாம்னாலும் சரி. உன் இஷ்டம் அது இதுன்னு மட்டும் சொல்லாத. நெஜமாச் சொல்லு."

தமயந்தி வாயைத் திறந்தாள். கடல், படகு, முதுகில் உருளை, புளித்த மாவு, எல்லாம் அப்படியே இருந்தன, ஒன்றுகூட நகர்ந்து கொடுக்கவில்லை.

"வேணாம்னுதான்டி இருக்கு" என்றாள். கை நீட்டி மகளின் ஈர நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். "போயிட்டு வா."